வீட்டுக்காரருக்கு ஒரு மலை

மனிதர்கள் வயதைக் குறைத்துச் சொல்வார்கள், சம்பளத்தைக் கூட்டிச் சொல்வார்கள். ஆனால் பனிச்சறுக்கைப் பற்றி அளந்துவிடுகிற அளவுக்கு வேறு எதைப் பற்றியும் அளந்துவிட மாட்டார்கள். இது பஞ்சு அனுபவத்தில் கண்ட உண்மை. அந்தப் பயண நிறுவனத்தில் கடலுக்கு ஒரு மேசை, காட்டுக்கு ஒரு மேசை, கப்பலுக்கு ஒரு மேசை. பனி மேசை பஞ்சுவுடையது. எதிரே வந்து உட்காருகிறவர்களில் பாதிப்பேர் பிறக்கும்போதே காலில் பலகையைக் கட்டிக்கொண்டு பிறந்தவர்கள் மாதிரி பேசுவார்கள். அதை நம்பி டிக்கெட் போட்டால் மலையுச்சியில் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுவார்கள், திரும்பி வந்து பஞ்சுவைத் திட்டுவார்கள்.

அதனால் "நீங்க எப்படிச் சறுக்குவீங்க?" என்று அவன் கேட்பதை விட்டுப் பல காலம் ஆகிறது. அவன் கேட்பது ஒரே கேள்விதான்.

"வேகமா இறங்கி வர்றீங்க. எப்படி நிப்பீங்க?"

இந்தக் கேள்விக்கு யாருக்கும் சட்டென்று பொய் வராது. "முன்பக்கம் ரெண்டு பலகையையும் சேர்த்துவச்சு, மெதுவா" என்றால் நடுத்தரம். "பக்கவாட்டுல ஒரே வெட்டு" என்றால் பெரிய மலைக்கு அனுப்பலாம். "நான் எதுக்கு நிக்கணும்?" என்று மார்தட்டுகிறவர்களை அவன் பக்கத்து நாற்காலியில் இருக்கும் 'புயல்' என்கிற சக ஊழியனிடம் தள்ளிவிடுவான். "விழுந்துதான்" என்று கூச்சத்தோடு ஒத்துக்கொள்கிறவர்கள்தான் பஞ்சுவுக்குப் பிடித்தமானவர்கள். காரணம், அவனும் அந்தக் கட்சி.

ஆமாம், பனி மேசைக்காரனுக்குச் சறுக்க வராது. வருடா வருடம் நிறுவனம் உலகத்து மலைகளை ஒப்பிட்டு ஒரு கையேடு போடும். அதற்காக ஒவ்வொரு மலைக்கும் இரண்டு பேரை அனுப்பும். செங்குத்தான பக்கத்தைப் புயல் பார்த்துக்கொள்வான்; பெயருக்கேற்ற ஆள். சாதுவான பக்கத்துக்குப் பஞ்சு. எத்தனை மலை பார்த்தும் அவன் தேறவில்லை. முதலாளியம்மா அதற்காகவே அவனை வேலையில் வைத்திருந்தாள். "இவன் முழுசாத் திரும்பி வந்த மலைக்கு எந்தக் குடும்பத்தையும் நம்பி அனுப்பலாம்" என்பது அவள் கணக்கு.

கையேட்டில் அவன் எழுதுவதும் அப்படித்தான் இருக்கும். கனடாவில் விஸ்லர்: இரண்டு பெரிய மலைகள், தொலைந்து போக ரொம்ப வசதி. சுவிட்சர்லாந்தில் ஜெர்மட்: ஊருக்குள் பெட்ரோல் வண்டி கிடையாது, ஆனால் எதிரே நிற்கும் மாட்டர்ஹார்ன் சிகரத்தை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே சறுக்கினால் விழுவது நிச்சயம். பிரான்சில் சமோனி: எல்லாம் நெட்டுக்குத்து, எனக்கு அங்கே வேலையில்லை, கீழே உட்கார்ந்து காபி குடித்தேன். மெத்தென்ற பனிக்குப் பேர்போன ஜப்பானின் நிசெக்கோவைப் பற்றி மட்டும் அவன் எழுதியது மூன்றே வார்த்தை: பஞ்சு, பஞ்சு, பஞ்சு. அன்றோடு அவனுடைய சொந்தப் பெயர் அலுவலகத்தில் யாருக்கும் ஞாபகமில்லாமல் போயிற்று.

இப்படிப்பட்டவனிடம்தான் ஒரு மத்தியானம் அந்தப் பல் டாக்டர் வந்து உட்கார்ந்தாள். கிளினிக்கிலிருந்து நேராக வந்திருப்பாள் போல. முகக்கவசம் தாடைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. கையில் அவர்களுடைய கையேடு.

"இதுல இந்த 'தொலைந்து போக வசதி'யை எழுதினது யாரு?"

புகார் என்று நினைத்துப் பஞ்சு நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டான். "நான்தாங்க."

"ரெண்டு வருஷம் முன்னாடி அங்க நான் நிஜமாவே தொலைஞ்சு போனேன்" என்று அவள் கடகடவென்று சிரித்தாள். "அதான், எழுதின ஆளையே பாத்துடலாம்னு வந்தேன்."

பஞ்சு தொண்டையைச் செருமிக்கொண்டு தன் கேள்வியைக் கேட்டான். டாக்டர் கொஞ்சம் யோசித்தாள்.

"எங்க நிக்கணும்னு முதல்லயே பாத்து வச்சுக்குவேன். அப்புறம் அங்க போய் நிப்பேன்."

இந்தப் பதிலை இதுவரை யாரும் சொன்னதில்லை. பஞ்சு பேனாவைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு எழுதினான். அவள் ஆள் கெட்டிக்காரி என்பது பேச்சிலேயே தெரிந்தது. ஐரோப்பாவில் நீல அடையாளம் போட்ட சறுக்குப் பாதை என்றால் எளிது, கனடாவில் அதே நீலம் நடுத்தரம், இது தெரியாமல் தன் நண்பர் ஒருவர் நீலத்தை நம்பி இறங்கிப் பல்லை உடைத்துக்கொண்டு தன்னிடமே வந்ததை அவள் நடித்தே காட்டினாள். அவன் நிசெக்கோவில் தலை மட்டும் வெளியே தெரியப் புதைந்து கிடந்ததைச் சொன்னான். மேசைமேல் வைத்த காபி ஆறிப்போனது. புயல் இரண்டு தடவை வேண்டுமென்றே இருமினான். பஞ்சுவின் காதில் எதுவும் விழவில்லை. அவனுக்கு அவளைப் பிடித்துவிட்டது, அவ்வளவுதான். சுற்றிவளைத்துச் சொல்ல இதில் ஒன்றுமில்லை.

கிளம்புவதற்காக எழுந்தவள் தலையில் அடித்துக்கொண்டாள். "பாத்தீங்களா, வந்த விஷயத்தையே சொல்லல. மலை எனக்கு மட்டும் இல்ல. எங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போகணும்."

பஞ்சுவின் முகத்தில் ஈயாடவில்லை.

"அவர்... சறுக்குவாரா?"

"பனியைக் கையால தொட்டதுகூட இல்ல. முட்டி வலி வேற. ஆனா என் பலகை மாடிப்படியில சாய்ச்சு வச்சிருக்கிறதைப் பாத்துப் பாத்து ஆசை வந்துடுச்சு. இந்த வருஷம் கட்டாயம் போகணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறார்."

"வயசு?" யாரிடமும் தயங்காமல் கேட்கிற கேள்வி, இன்று நாக்கில் ஒட்டிக்கொண்டு வந்தது.

"என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர்" என்று அவள் எதையோ நினைத்துச் சிரித்தாள். "அடுத்த வாரம் வர்றேன். நல்ல மலையா பாத்து வைங்க."

அவள் போனதும் புயல் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான். "டேய், அந்தம்மாவுக்கு வீட்டுக்காரர் இருக்காராம்டா."

"எனக்கும் காது இருக்கு."

"முட்டி வலியாம்."

"போய் வேலையைப் பாருடா."

அன்றைக்கு முழுவதும் பஞ்சு கம்ப்யூட்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். நெஞ்சு நிஜமாகவே வலித்தது. முன்பின் தெரியாத அந்த முட்டி வலிக்காரர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இப்படி ஒருத்தி வீட்டிலேயே இருக்க, இத்தனை நாள் அந்த மனுஷன் பலகையை வெறுமனே பார்த்துக்கொண்டா இருந்தார்?

அப்போதுதான் அவனுக்குச் சமோனி ஞாபகம் வந்தது. டாக்டருடைய திறமைக்குச் சமோனியைவிடப் பொருத்தமான மலை ஏது? காலையில் மேலே போனால் சாயங்காலம்தான் இறங்குவாள். வீட்டுக்காரர் கீழே முட்டியைத் தடவிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கட்டும். யாரும் குறை சொல்ல முடியாது, நல்ல மலைதான். பஞ்சு சமோனி என்று அடித்தான். விடுதியும் தேடினான். மனதுக்குக் குளுகுளுவென்று இருந்தது.

அந்தக் குளுமை நீடிக்கவில்லை. சமோனியில் காபிக் கடை ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த இன்னொரு ஆளை அவனுக்கு நன்றாகத் தெரியும். புயலும் மற்றவர்களும் மேலே கும்மாளம் போட, கீழே இருந்து அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தவன் அவன்தான். திரும்பி வந்தவர்கள் பேசிய பேச்சில் அவனுக்கு ஒரு வரிகூடச் சேரவில்லை. மூன்று கோப்பை குடித்ததை நகைச்சுவையாக எழுதினானே தவிர, அன்று அவனுக்கு அழுகை வந்தது. அந்தத் தண்டனையை ஒரு மனுஷனுக்கு, அதுவும் ஆசையாகக் கிளம்புகிற மனுஷனுக்குக் கொடுப்பதா? சீ என்று ஆகிவிட்டது. அழித்தான்.

பிறகு அந்த வாரம் முழுக்க அவன் வேலை பார்த்த மாதிரி என்றுமே பார்த்ததில்லை. முட்டிக்கு எந்த மலை, டாக்டருக்கு எந்த மலை என்று தனித்தனியாகத் தேடாமல், இரண்டு பேருக்கும் சேர்ந்த மலையாகத் தேடினான். விருப்பமில்லாமல் தேடினான், ஆனால் ஒழுங்காகத் தேடினான்.

அடுத்த வாரம் டாக்டர் வந்தாள். "வண்டியை நிறுத்திட்டு அவரும் வர்றார்" என்றபடி உட்கார்ந்தாள். அந்த 'அவர்' பஞ்சுவின் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது.

"சொல்லிடறேன் டாக்டர்" என்று அவன் தாளைப் பார்த்தே பேசினான். "சமோனி உங்களுக்குச் சொர்க்கம், அவருக்குச் சிறை. வேணாம். ஜெர்மட்ல சறுக்காதவங்களும் ரயில்லயே மேல போய்ச் சிகரத்தைப் பாக்கலாம், அழகு. ஆனா அவருக்குப் பாக்கிறதுல இல்ல, சறுக்கறதுலதானே ஆசை? விஸ்லர் ரெண்டு பேருக்குமே நல்லது. ஆனா ரொம்பப் பெருசு, காலையில பிரிஞ்சா ராத்திரிதான் கண்டுபிடிக்கணும். நிசெக்கோ போங்க. மரத்துக்கு நடுவுல நீங்க ஆசை தீரச் சறுக்கலாம். அவர் விழுந்தா வலிக்காது. நான் விழுந்து பாத்துட்டுத்தான் சொல்றேன். சாயங்காலம் வெந்நீர் ஊற்று இருக்கு. முட்டிக்கு அதைவிட மருந்து இல்ல."

டாக்டர் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அவரை ஒரு தடவைகூடப் பாக்காம, இவ்வளவு யோசிச்சீங்களா?"

"என் வேலைங்க. ரூம் ஒண்ணு போட்டுடவா?"

"ஐயையோ, தனித்தனியா போடுங்க! அவர் குறட்டை விட்டா மாடியில எனக்குத் தூக்கம் போயிடும்."

பக்கத்தில் புயலின் விரல்கள் தட்டச்சை நிறுத்தின. ஆளுக்கொரு மாடியா? பஞ்சுவுக்குள் ஒரு சந்தோஷம் துள்ளி எழுந்தது. அடுத்த நொடியே தன்னைத் தானே திட்டிக்கொண்டான். அடுத்தவர் குடும்பத்துச் சண்டையில் குளிர்காய்கிற அளவுக்கு நீ இறங்கிவிட்டாயா?

"இன்னொண்ணு. ரெண்டு பேர் இல்ல, மூணு பேர்" என்றாள் டாக்டர். "வீட்டுக்காரரோட மனைவியும் வரணுங்கறாங்க."

பஞ்சு குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் மூக்கில் ஏறியது. தாளில் இருந்த நான்கு மலைகளும் நனைந்தன.

"அவருக்கு இன்னொரு மனைவியா?" என்று கத்தியேவிட்டான். கடல் மேசை, காடு மேசை, கப்பல் மேசை எல்லாம் திரும்பிப் பார்த்தன.

"இன்னொருத்தியா? யாரது?" என்று வாசலில் இருந்து ஒரு குரல் கேட்டது. அங்கே ஒரு பெரியவர் வண்டிச் சாவியோடு நின்றிருந்தார். தலை முழுக்க நரை. அவர் தோளைப் பிடித்தபடி அதே வயதில் ஓர் அம்மா. "என்னங்க இது, எனக்குத் தெரியாம?" என்று அந்த அம்மா அவரைப் பார்த்த பார்வையில் விளையாட்டு பாதி, விசாரணை பாதி.

டாக்டருக்கு அப்போதுதான் விளங்கியது. வாயைப் பொத்திக்கொண்டாள், பயனில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"வீட்டு ஓனர் சார்! நான் இவங்க வீட்டு மாடியில குடியிருக்கேன். அந்த வீட்டுக்காரர்!"

புயல் மேசைக்குக் கீழே எதையோ தேடுவதுபோல் குனிந்து, அங்கேயே குலுங்கினான். பஞ்சு அசடு வழிந்தான். அவமானம் ஒரு பக்கம், ஆனந்தம் ஒரு பக்கம். எதற்கு முதலில் முகம் காட்டுவது என்று தெரியவில்லை.

வீட்டுக்காரர் நிதானமாக உட்கார்ந்தார். அவர் ஓய்வு பெற்ற லிஃப்ட் மெக்கானிக். "ஆயுசு பூரா கட்டடத்துக்குள்ளயே ஏறி இறங்கிட்டேன், தம்பி. வெளிய, வானத்தைப் பாத்துக்கிட்டு கம்பியில தொங்கியபடி மலை மேல ஏறுற லிஃப்ட்ல ஒரு தடவை ஏறணும். இறங்கறப்ப விழுந்தாலும் சரி." நிசெக்கோவைப் பற்றிக் கேட்டுக்கொண்டார். வெந்நீர் ஊற்று என்றதும் அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. "ஆனா ஒரு சந்தேகம்" என்றார் அவர். "டாக்டர் மரத்துக்குள்ள போயிடுவாங்க. இவ ஊத்துல இறங்கிடுவா. எனக்குத் துணைக்கு விழ ஒரு ஆள் வேணாமா?"

"இதோ இருக்கானே, விழறதுல உலக அனுபவம்" என்றான் மேசைக்குக் கீழிருந்து புயல்.

டாக்டர் பஞ்சுவைப் பார்த்தாள். சிரிப்பு இன்னும் உதட்டில் மிச்சம் இருந்தது. "எல்லாரையும் கேக்கறீங்களே, உங்களை யாராவது கேட்டிருக்காங்களா? சொல்லுங்க, நீங்க எப்படி நிப்பீங்க?"

"விழுந்துதாங்க."

"கடைசியா எங்க விழுந்தீங்க?"

ஏதாவது ஒரு மலையின் பெயரைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். கைவசம் உலகத்து மலை அத்தனையும் இருந்தன. ஆனால் இந்தக் கேள்விக்கு யாருக்கும் சட்டென்று பொய் வராது என்று கண்டுபிடித்தவனே அவன்தானே.

"மலைக்கெல்லாம் போகலீங்க" என்றான் பஞ்சு. "போன வாரம், இதே நாற்காலியில."

டாக்டரின் முகம் காது வரைக்கும் சிவந்தது. தாடைக்குக் கீழே கிடந்த முகக்கவசத்தை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள். ஆனால் கண்களை மறைக்க அதில் வழியில்லை. நனைந்த தாளைத் தன் பக்கம் இழுத்து, அதில் அவன் எழுதியிருந்த 'இருவர்' என்ற சொல்லில் விரலை வைத்தாள்.

"நாலு பேர்னு திருத்துங்க."

"திருத்துங்க, திருத்துங்க" என்றார் பெரியவர், சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே. "ஆனா ஒண்ணு, தம்பி. இப்போதைக்கு வீட்டுக்காரர் நான் ஒருத்தன்தான்."