இரண்டாவது மாத்திரை

திமோத்தி மலேசியாவின் ஈப்போவில் கார் உதிரிபாகக் கடை ஒன்றில் முப்பது வருடமாக வேலை பார்ப்பவர். பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்தே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவார். அந்தத் தொழில் புத்தியை வீட்டு மருந்து டப்பா வரைக்கும் கொண்டுவந்ததுதான் வினை.

சனிக்கிழமை காலை அவர் மனைவி ஐவிக்குக் கடைவாய்ப் பல் வலித்துக் கன்னம் வீங்கியிருந்தது. அன்றைக்கென்று பார்த்து பீடோரில் உறவுக்காரப் பெண் ஜோவானின் கல்யாணம். பல் டாக்டரிடம் திங்கட்கிழமை போய்க்கொள்ளலாம் என்று திமோத்தி தீர்ப்புச் சொல்லிவிட்டார். போன மாதம் சைனஸுக்காக அவருக்குக் கிளினிக்கில் ஏழு நாள் ஆண்டிபயாட்டிக் கொடுத்திருந்தார்கள். மூன்றாம் நாளே மூக்கு சரியாகிவிட்டது. மீதியைப் பத்திரப்படுத்தி வைத்தார். முழுதாகச் சாப்பிட்டு முடிக்கச் சொன்னதெல்லாம் காதில் ஏறினால்தானே! பெட்டியையும் அதற்குள் இருந்த விவரத்தாளையும் அன்றைக்கே குப்பையில் போட்டாயிற்று.

ஐவிக்குப் பென்சிலின் ஆகாது. செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த காலத்தில் அந்த ஊசியைப் போட்டு உடம்பெல்லாம் தடித்து, பிழைத்ததே பெரும்பாடு. அதனால் எந்த மாத்திரையைக் கண்டாலும் அவள் முதலில் கேட்பது ஒன்றுதான்.

"பென்சிலின் இல்லையே?"

திமோத்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு மாத்திரை அட்டையின் பின்பக்கத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார். அமோக்சிசிலின், கிளாவுலானிக் ஆசிட். இரண்டு நீளமான பெயர்கள். பென்சிலின் என்று எங்கேயும் போடவில்லை. இரண்டு மருந்து சேர்ந்தது என்றால் இன்னும் நல்லதாயிற்றே என்றுகூட மனிதருக்குத் தோன்றியது.

"இல்லலா. இது வேற மருந்து," என்றார்.

சாப்பாட்டோடு எடுக்க வேண்டிய மாத்திரை. ஆகவே கல்யாண மண்டபத்தில் முதல் வாய்ச் சோற்றோடு ஐவி அதை விழுங்கினாள். அரைமணி நேரம்கூட ஆகவில்லை. கழுத்தைச் சொறிந்தாள், உதடு வீங்கியது, மூச்சு இழுத்தது, நாற்காலியிலிருந்து சரிந்தாள். திமோத்தி அவளைத் தூக்கிக் காரில் கிடத்தினார். மருத்துவமனைக்குக் காரை எப்படி ஓட்டி வந்தார் என்று இன்று கேட்டாலும் அவருக்குச் சொல்லத் தெரியாது.

அவர் கௌண்டரில் அவளுடைய அடையாள அட்டையான ஐசியைக் காட்டிப் பதிந்துகொண்டிருந்த நேரத்தில், உள்ளே, கூடவே காரில் வந்த ஐவியின் அக்கா ஜோசலின் டாக்டரின் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லி முடித்துவிட்டாள். தங்கைக்குப் பென்சிலின் ஆகாதுதான், ஆனால் வீட்டில் யாரும் அதைக் கொடுக்கவே மாட்டோம், இது கல்யாணச் சாப்பாட்டில் போட்ட இறால் சம்பால் செய்த வேலை என்று அடித்துச் சொன்னாள். வெளியே வந்து கேட்டரிங்காரனின் ஏழு தலைமுறையையும் இழுத்து வைதாள். திமோத்தியும் சேர்ந்து வைதார். நல்லவேளையாக அட்ரினலின் ஊசி போட்டதும் ஐவிக்கு மூச்சு திரும்பியது. கண்காணிப்புக்கு வார்டில் வைத்தார்கள்.

சாயங்காலம் கஞ்சி வந்தது. நாலு வாய் குடித்தாள். பல் இன்னும் வலிக்கிறதா என்று திமோத்தி கேட்டார், ஆமாம் என்று தலையசைத்தாள். வேளை தவறாமல் மருந்து கொடுக்கும் பொறுப்பு அவருக்கு அப்போதுதான் பொத்துக்கொண்டு வந்தது. சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து, ஒரு மாத்திரையைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்து, மறு கையால் தண்ணீரை நீட்டினார். ஐவி வீக்கம் வடியாத உதட்டைப் பிரித்து வாயைத் திறந்தாள்.

"அங்கிள், என்ன மருந்து அது?"

வார்டு டாக்டர் சரளா கட்டிலருகே வந்து நின்றிருந்தார். திமோத்தி கொஞ்சம் பெருமையாகவே அட்டையை நீட்டினார். பார்த்த மாத்திரத்தில் டாக்டர் அவர் கையிலிருந்த மாத்திரையைப் பிடுங்கிக்கொண்டார்.

"இது பென்சிலின் குடும்பம்தான் அங்கிள். அமோக்சிசிலின் அந்த வகை. கூட இருக்கிறது அதுக்குத் துணை மருந்து. மத்தியானமும் இதத்தான் குடுத்தீங்களா?"

திமோத்தி ஆமாம் என்று தலையாட்டினார். ஒருவருக்கு எழுதிய மருந்தை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது, எந்தப் பார்மசியில் கேட்டிருந்தாலும் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள், இதையும் விழுங்கியிருந்தால் இன்னொரு தடவை காப்பாற்ற முடிந்திருக்குமா தெரியாது என்று டாக்டர் சொல்லிக்கொண்டே போனார். பாதிதான் திமோத்திக்குக் கேட்டது. கால்மாட்டில் உட்கார்ந்திருந்த ஜோசலின் எழுந்து வந்து அந்த அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நான் படிச்சுப் பாத்துதான் சொன்னேன் ஐவி," என்றார் திமோத்தி. சொல்லும்போதே அவருக்கு வெட்கமாக இருந்தது.

ஐவி கோபப்படவில்லை. டாக்டர் கையிலிருந்த மாத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் அப்போதுதான் பயம் வந்தது.

"இந்தத் தடவ நான் கேக்கக்கூட இல்லங்க," என்றாள்.