மேட்டு நிலத்துக்கு அறுத்த கால்கள்

வீட்டு ஒப்பந்தம் எழுதிய அன்று இருந்தவர்கள்: வீடு கட்டும் பட்டறையின் சீன முதலாளி தவுக்கே, அவனுடைய கணக்கெழுதும் கிராணி, சாட்சிக்கு மச்சான் தங்கராஜு, கதவோரம் பெண்டாட்டி சந்திரமதி, அப்புறம் இவன், அய்யாவு... ஐந்து பேர், அதில் ஒருத்தன்தான் நிலத்தைப் பற்றிக் கேட்டான், தவுக்கே, பேனாவை நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, தானா மானா, நிலம் எங்கே, என்று இரண்டு தடவை. அய்யாவுக்குச் சுருக்கென்றது, நிலமில்லாதவனா வீடு கட்ட வருவான்? "அடா லா தவுக்கே, அடா," இருக்கிறது என்று மச்சான் சிரித்து, இவன் பக்கம் திரும்பி, "போடுங்க மாப்ள, நாளைக்கு ஆடி பொறந்துரும், ஆடியில வீட்டுக் காரியம் தொடங்குவாங்களா? நிலத்த ஆவணியில எழுதிக்கலாம், ஹாஜி எங்க ஓடிப்போயிடப் போறாரு," என்றான். சரிதானே, ஆடியில் யார் தொடங்குவார்கள், இவன் கையெழுத்துப் போட்டான். நிலத்துக்காரர் ஹாஜி சரியென்று தலையாட்டியதை மச்சான் வந்து சொன்னான், இவன் நேரில் பார்க்கவில்லை, பெண்டாட்டியின் அண்ணனிடம் எழுத்தில் கொடு என்றா கேட்பது?

இப்போது ஆவணி முதல் வாரம், ஹாஜி வீட்டிலிருந்து திரும்பும் செம்மண் பாதை, முன்னால் சந்திரமதி நடக்கிறாள், சிகாமட் வெயில் பிடரியில் அடிக்கிறது. ஹாஜி பாவம், கையில் பிடித்த வெற்றிலையோடு திகைத்துப்போனார், உன் மச்சான் போன மாதமே எழுதி வாங்கிவிட்டானே, உனக்காகத்தான் என்று நினைத்தேன், என்றார் மலாயில். போன மாதம்... போன மாதம் ஆடியல்லவா? இவனைத் தொடாதே என்று சொல்லிவிட்டு அவன் போய்க் கைநாட்டு வைத்திருக்கிறான், முப்பது நாளும் இவன் லயத்து அறையில் சும்மா உட்கார்ந்து, நல்ல நாள் வரட்டும் என்று விரலை மடக்கிக்கொண்டு, அட முட்டாளே. தோட்டத்து வேலையை விடுவதாக வேறு எழுதிக் கொடுத்தாகிவிட்டது, மாதக் கடைசியில் லயத்து அறையைக் காலி செய்ய வேண்டும். பட்டறையில் வீடு படுத்துக் கிடக்கிறது, தூண், உத்தரம், பலகை எல்லாம் அறுத்து, எண் போட்டு. வீட்டைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் கால்களைக் குட்டையாக அறுக்கச் சொன்னதும் மச்சான்தான், மேட்டு நிலம், வெள்ளம் ஏறாது, நெட்டைக் கால் எதற்கு என்று... அந்தக் கால்களை வைத்துப் பள்ளத்தில் எங்கே நிறுத்துவது? முதல் மழைக்கே ஆறு உள்ளே வந்துவிடும். இந்தப் பக்கம் வேறு மேடு கிடையாது, அந்த வீடு ஒரே ஓர் இடத்தில்தான் நிற்கும், அந்த இடம் தங்கராஜுவுடையது. இது அவசரத்தில் செய்ததா, இல்லை, உத்தரத்தோடு சேர்த்து இதையும் அளந்துதான் வைத்திருந்தானா? இவள் ஏன் பேசாமல் வருகிறாள், அழவாவது அழலாமே, அண்ணன் செய்த காரியம் உறைத்திருக்கும், வாய் அடைத்துப் போயிருக்கும்.

தங்கராஜு தன் வீட்டு வாசலிலேயே நின்றான், குளித்து, நெற்றியில் பட்டையாகத் திருநீறு.

"என்னா மாப்ள, வெயில்ல வந்துருக்கீங்க?"

"ஆடியிலயா எழுதுனீங்க மச்சான்?"

"கவர்மெண்டு ஆபீசுக்கு ஏது மாப்ள ஆடி?" சிரிப்பு வேறு. "நான் என்ன, உங்கள வேணாம்னா சொன்னேன்? வீட்டக் கொண்டாந்து ஏத்துங்க. முன்கட்டு எனக்கு, பின்னால ரெண்டு ரூம்பு ஒங்களுக்கு. தங்கச்சிய நான் ரோட்டுல விட்டுருவனா?"

இவன் வீடு, இவனுக்குப் பின்னால் இரண்டு அறை. அடிக்கக் கை எழவில்லை, அதுதான் வெட்கம். மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனான். சந்திரமதி அப்போதுதான் வாயைத் திறந்தாள், "நீங்க இங்கயே நில்லுங்க, நீங்க வந்தா சண்டதான் வரும், நான் அண்ணங்கிட்ட பேசிட்டு வாரேன்." போகட்டும், அவள் கேட்டால் அவன் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும், கூடப்பிறந்தவள்... அவள் படியேறினாள், கதவு சாத்திக்கொண்டது. பின்கட்டில் மச்சான் யாரையோ கூப்பிட்டுக் காப்பி போடச் சொல்கிற குரல் தூரத்தில் கேட்டது, கேட்டுக்கொண்டிருக்கும்போதே, இங்கே, அவள் நுழைந்த கதவுப் பலகைக்கு அந்தப் பக்கம், கையெட்டும் தூரத்தில், சத்தம் வராதபடி மெதுவாக, யாரோ தாழ்ப்பாளைப் போட்டார்கள்.