வாளித் தண்ணீர்

அப்பா வாளியை உதைத்தார். அது லாரி நிறுத்துமிடத்தின் சிமெண்டுத் தரையில் உருண்டுபோய் டிரெய்லரின் சக்கரத்தில் முட்டி நின்றது. அடுத்த உதை தம்பிக்கு விழுந்தது.

"இன்னொரு தடவ தீன்னு கத்துவியா?"

தம்பி விழுந்த இடத்திலிருந்தே சிரித்தான். உதடு கிழிந்து பல்லெல்லாம் ரத்தம். "இல்லப்பா. இனிமே நெருப்புன்னு கத்துறேன்."

அப்பா அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கி, கன்னத்தில் இரண்டு வைத்தார். மூன்றாவதற்குக் கை ஓங்கும்போது மாமா குறுக்கே வந்தார்.

"விடுங்க மச்சான். இப்படி அடிச்சா நாளைக்கி எரிபொருள் ஊத்த ஆளிருக்காது."

"அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான். தள்ளுடா."

இந்தப் பழமொழியை அக்காவான அவளும் தம்பியும் நடை பழகும் முன்பே கற்றுக்கொண்டார்கள். அவர்கள் வீட்டில் அது சுவரில் மாட்டாத படம்.

விஷயம் இதுதான். டிரெய்லரில் இருந்த பந்தயக் கார் மெத்தனாலில் ஓடுகிற கார். நேர்கோட்டில் ஒரே பாய்ச்சல். நாலு தும்மல் தும்முவதற்குள் பந்தயம் முடிந்துவிடும். அதற்காக இரண்டு நாள் லாரிப் பயணம். எஞ்சினைக் கட்டியவர் அப்பா, காரையும் லாரியையும் ஓட்டுபவர் மாமா, எரிபொருளும் டயரும் தம்பி பாடு. பாய்ச்சல் முடிந்ததும் காரை இழுத்து நிறுத்துகிற பாராசூட்டை மடித்து வைப்பதும், எஞ்சின் ஓடும்போது தண்ணீர் வாளியோடு பக்கத்தில் நிற்பதும் அவள் வேலை.

மெத்தனால் பற்றினால் தீ பகலில் கண்ணுக்குத் தெரியாது. புகையும் கிடையாது. எரிகிறவனுக்கு மட்டும்தான் தெரியும். தண்ணீர் பட்டால் அடங்கிவிடும். அதனால் அப்பா ஒரு சட்டம் வைத்திருந்தார். எவன் தீ என்று கத்தினாலும் கேள்வி கேட்காமல் ஊற்ற வேண்டும். யோசிக்கக் கூடாது, பார்க்கக் கூடாது, ஊற்ற வேண்டும். அதையும் அடித்தேதான் சொல்லிக் கொடுத்தார்.

ஊரே கோணங்கி என்று கூப்பிடுகிற தம்பிக்கு இதைவிட நல்ல விளையாட்டு எங்கே கிடைக்கும்? கிளம்பியதிலிருந்து நிறுத்தத்துக்கு நிறுத்தம் தீ தீ என்று குதித்தான். அவள் ஒவ்வொரு தடவையும் ஊற்றினாள். "புலி வருது புலி வருதுன்னு ஒருநாள்..." என்று மாமா ஆரம்பித்தால், "புலி வந்தா அக்கா அதையும் குளிப்பாட்டிருவா" என்பான். அவளும் சிரித்தாள். அடிபட்டே வளர்ந்த வீட்டில் சிரிப்பு அவன் ஒருவனிடம்தான் கிடைத்தது.

இன்று காலை ஊற்றிய தண்ணீர் தெறித்து, எஞ்சினுக்குப் பொறி கொடுக்கிற மேக்னெட்டோவுக்குள் போய்விட்டது. அப்பா அதைக் கழற்றித் துடைத்து மாட்டினார். மாட்டி முடித்த பிறகுதான் வாளியை உதைத்தார்.

இப்போது அவள் பக்கம் திரும்பினார். அவள் கையைப் பிடித்து முறுக்கினார். மணிக்கட்டில் ஏதோ சொடுக்கியது.

"நான் சொல்லாம ஒரு சொட்டுத் தண்ணி விழக் கூடாது. விழுந்துச்சு, இந்தக் கைய ஒடிச்சு அடுப்புல வச்சிருவேன். கேட்டுச்சா?"

"கேட்டுச்சுப்பா."

அவள் வாளியை எடுத்து, குழாயடிக்குப் போய் நிரப்பிக்கொண்டு வந்து தன் இடத்தில் நின்றாள். தம்பி வாயைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்துக் கண்ணடித்தான்.

திரும்ப மாட்டிய மேக்னெட்டோ பொறி கொடுக்கிறதா என்று எஞ்சினை ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. மாமா காருக்குள் உட்கார்ந்தார். அப்பா எஞ்சின்மேல் குனிந்தார். கேனைச் சாய்த்து எரிபொருளை ஊற்றிக்கொண்டிருந்தான் தம்பி. அவன் முடிக்கும்வரை பொறுக்க அப்பாவால் முடியவில்லை. "கிளப்புடா" என்றார். எஞ்சின் ஒருமுறை இருமியது. பிறகு படீரென்று திருப்பி அடித்தது.

கேன் கீழே விழுந்தது. தம்பி பின்னால் நகர்ந்தான். சட்டையைப் பிடித்து இழுத்தான். குதித்தான். நல்ல வெயில். ஒருவன் கைகாலை உதறிக் கோணங்கி ஆட்டம் ஆடுவது மட்டும்தான் தெரிந்தது.

"தீ!" என்றான். நெருப்பு என்று சொல்லவில்லை.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவன் புருவ மயிர் சுருண்டு காணாமல் போவதை அவள் பார்த்தாள். வாளியைத் தூக்கினாள். தூக்கிக்கொண்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

அப்பா குனிந்தபடியே இருந்தார். அவர் தலை நிமிரட்டும் என்று அவள் நின்றாள். வாளி கனத்தது. தம்பியின் கழுத்துத் தோல் நிறம் மாறியது. அவன் கத்துவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தான்.

அப்பா நிமிர்ந்தார். பார்த்தார். அடுத்த கணம் வெறுங்கையோடு பாய்ந்து அவனைக் கட்டிப்பிடித்தார். அவர் கையும் எரிந்தது, அதுவும் தெரியவில்லை. காரிலிருந்து இறங்கி ஓடிவந்த மாமாதான் அவள் கையிலிருந்து வாளியைப் பிடுங்கி ஊற்றினார். அவள் விரல்கள் பிடியை விடவில்லை. மாமா உதறித்தான் பிடுங்க வேண்டியிருந்தது.

பக்கத்து ஊர் மருத்துவமனையில் தம்பியை வெள்ளைத் துணியில் சுற்றிப் போட்டிருந்தார்கள். முகத்தில் வாயும் ஒரு கண்ணும் மட்டும் வெளியே இருந்தன. அந்த அறையின் வாடையை அவள் வாய்வழியாக மூச்சுவிட்டுச் சமாளித்தாள். அவன் வலியே இல்லை என்றான். டாக்டர் அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"அக்கா."

"சொல்லுடா."

"நீ வாளியத் தூக்கிட்டே. நான் பாத்தேன்."

"ம்."

"அப்புறம் ஏன் அப்பா மூஞ்சியப் பாத்தே?"

அவள் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டாள். முறுக்கிய மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்தது.

"அவரு ஊத்தச் சொன்னாரா?" என்றான்.

"சொன்னாருடா."

"உடனேவா?"

"உடனே."

"அப்ப சரி" என்றான். வாயைக் கோணிக்கொண்டு, "இந்தத் தடவ நல்லா ஆடினேன், இல்ல?" என்றான். அதற்குப் பிறகு அவன் பேசியது யாருக்கும் புரியவில்லை. வெயில் சாய்வதற்குள் முடிந்துவிட்டது.

அம்மாவுக்குப் போன் செய்ய வெளியே போன மாமா, போனைக் கையில் பிடித்தபடியே திரும்பி வந்தார். அந்தப் பக்கம் அம்மாவின் அலறல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. போனை பெஞ்சில் வைத்தார். வைத்துவிட்டு நேரே போய், சுவரோரம் உட்கார்ந்திருந்த அப்பாவின் முகத்தில் குத்தினார். அப்பா சரிந்தார். மாமா அவர் நெஞ்சில் மிதித்தார். அப்பாவுக்கு மூக்கில் ரத்தம் வழிந்தது.

"எங்கக்கா புள்ளடா! உன் எஞ்சினுக்குப் பொறந்தவனாடா அவன்?"

அத்தனை வருஷத்தில் மாமா அவரை டா போட்டு அவள் கேட்டதில்லை. அப்பாவின் இரண்டு கைகளிலும் கட்டு. அவற்றைத் தூக்கி முகத்தை மறைக்கக்கூட இல்லை. வார்டு ஆட்கள் மாமாவை இழுத்துக்கொண்டு போனார்கள்.

அப்பா எழுந்து உட்கார்ந்தார். அவளைக் கூப்பிட்டார்.

"என்ன சொன்னான்?"

ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லியிருக்கலாம். இந்த வீட்டில் உயிர் பிழைக்கிற வழி அதுதான். ஆனால் தம்பிக்குச் சொன்ன பொய்யே அவள் தொண்டையில் நின்றது, இன்னொன்றுக்கு இடமில்லை.

"ஊத்தச் சொல்லி நீங்க சொன்னீங்களான்னு கேட்டான்."

"நீ என்ன சொன்னே?"

"சொன்னீங்கன்னு சொன்னேன்."

அப்பாவின் வலது கை ஓங்கியது. பழக்கம். அவள் நகரவில்லை, கண்ணையும் மூடவில்லை. அடித்தால் அடிக்கட்டும் என்று நின்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த அடி அவளுக்கு வேண்டியிருந்தது. கட்டுப் போட்ட கை அந்தரத்திலேயே நின்றது. பிறகு அவர் அதைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். மறுபடி போட்டுக்கொண்டார். கட்டுத் துணியில் சிவப்பு ஊறும்வரை போட்டுக்கொண்டே இருந்தார். அவள் தடுக்கவில்லை.

காலையில் தம்பியை ஏற்றிக்கொண்டு வண்டி முன்னால் போயிற்று. லாரியை எடுக்க அவர்கள் மூவரும் அந்த நிறுத்துமிடத்துக்குத் திரும்பினார்கள். கார் அப்படியே கிடந்தது. யாரும் அதன் பக்கம் போகவில்லை. மாமா டிரெய்லரைக் கழற்றி அங்கேயே விட்டார். ஏனென்று அப்பா கேட்கவில்லை.

வாளி குழாயடிக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. அப்பா அதை நிமிர்த்தி, முழங்கையால் குழாயைத் திருகி, விளிம்புவரை நிரப்பினார். இரண்டு கட்டுக் கைகளாலும் அணைத்துத் தூக்கி வந்து, லாரியில் ஏறி, மடியில் வைத்துக்கொண்டார்.

மாமா வண்டியைக் கிளப்பினார். ஒவ்வொரு பள்ளத்திலும் தண்ணீர் தளும்பி அப்பாவின் வேட்டியை நனைத்தது. பாதி வழியில் வாளி காலியாகிவிட்டது. சாலையோரம் ஒரு குழாய் தெரிந்ததும் அப்பா அவள் முகத்தைப் பார்த்தார்.

"நிறுத்துங்க மாமா" என்றாள் அவள்.