திக்காரம்

தீவன மூட்டை பூசணம் பூத்து வந்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது. கேரள எல்லைக்குள் இருக்கும் மீனாட்சிபுரத்திலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் வேலங்காட்டுக்களத்தில் சாந்தம்மாளுக்கு நாலு கறவை மாடுகள். பால் சங்கத்தில் வாங்கிய தீவனத்தைத் தின்ற மூன்றாம் நாள் இரண்டுக்குக் கழிச்சல் கண்டது. செவலை படுத்ததுதான், எழுந்து நிற்க நாலு நாள் ஆயிற்று.

அந்த வாரமே சங்கத்தின் பொதுக்கூட்டம். சாந்தம்மாள் மூட்டையிலிருந்து இரண்டு கை தீவனத்தை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு போனாள். தன் முறை வந்ததும் அதைத் தலைவர் சென்னியப்பனின் மேஜையில், கையெழுத்து நோட்டின் மேலேயே கொட்டினாள். பச்சைப் பூசணம் கட்டிகட்டியாக உதிர்ந்தது.

"ஏனுங்கண்ணா, லாரியில வந்தப்ப இதைப் பாத்து எறக்குனது யாருங்க?"

பிறகு பேசலாம் என்றார் சென்னியப்பன். பதில் வராமல் உட்கார மாட்டேன் என்று அவள் நின்றாள். கூட்டம் முடிகிறவரை நின்றாள்.

பத்து நாள் கழித்து, ஏதோ ஒரு சான்றுக்காகச் சங்கத்துக்குப் போன மகள் பிரவீணா, மேஜையில் விரித்துக் கிடந்த, மலையாளத்தில் எழுதிய மினிட்ஸ் புத்தகத்தைப் போனில் படம் எடுத்துவந்தாள். சித்தூர் கல்லூரியில் படிக்கிறவள், மலையாளம் தடையில்லாமல் வாசிப்பாள். சாந்தம்மாளுக்குப் பேசினால் புரியும், அந்த எழுத்துத் தெரியாது. அங்கத்தினர் சாந்தம்மாள் தலைவரிடம் திக்காரத்தோடு நடந்துகொண்டார் என்று எழுதியிருப்பதாகப் பிரவீணா சொன்னாள்.

"திக்காரம்னா என்ன கண்ணு? தைரியமா?"

"தைரியம் இல்லம்மா. திமிருன்னு வேணா சொல்லலாம். பெரியவங்களை மதிக்காம எதுத்து நிக்கறதைச் சொல்லுவாங்க. ஸ்கூல்ல சார் பசங்களைத் திட்டுறப்ப சொல்ற வார்த்தை."

தீவனத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். பிரவீணா படத்தைப் பெரிதாக்கி மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். ஒன்றுமே இல்லை. அதே கூட்டத்தில் ரோடு போடவில்லை என்று நாற்காலியை உதைத்துத் தள்ளிய இன்னொரு அங்கத்தினர் ஈஸ்வரமூர்த்தியைப் பற்றி ஒரு வரி இருந்தது. அவர் 'சக்தமாயி' வலியுறுத்தினாராம். அழுத்தமாகச் சொன்னார் என்று அர்த்தம்.

சாந்தம்மாளுக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஊரில் யாரும் படிக்கப்போவதில்லை, விட்டுவிடு என்று வீட்டுக்காரர் சொன்னது இன்னும் எரிச்சலைக் கூட்டியது.

மறுநாள் செயலாளர் ஜிதினிடம் போய் அந்தச் சொல்லை எடுக்கச் சொன்னாள். அது வெறும் ஆபீஸ் வார்த்தை சேச்சி, எல்லா இடத்திலும் எழுதுவதுதான் என்றான் அவன். அப்படியானால் ஈஸ்வரமூர்த்திக்கும் அதையே எழுதியிருக்கலாமே என்று கேட்டாள். அவன் புத்தகத்தை மூடிவைத்தான். எழுதியதை அழிக்கக்கூடாது, கமிட்டியில் வைத்துத்தான் மாற்ற வேண்டும் என்றான்.

கமிட்டி கூட இருபது நாள் ஆயிற்று. சென்னியப்பன் அவளை நாற்காலியில் உட்காரச் சொல்லி டீயும் வாங்கிக் கொடுத்தார். பிறகு ஏழு ஆண்கள் அவளுக்கு எந்தச் சொல் பொருந்தும் என்று முக்கால் மணி நேரம் பேசினார்கள். அகங்காரம் என்றார் ஒருவர். அது இதைவிட மோசம் என்றார் இன்னொருவர். கோபம் என்று எழுதினால் சங்கத்துக்குக் கெட்ட பேர் என்றார்கள். அவள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள், அவளிடம் யாரும் கேட்கவில்லை. கடைசியில் தீர்மானம் எழுதி ஜிதின் புத்தகத்தை அவள் பக்கம் திருப்பினான். கூட வந்திருந்த பிரவீணா குனிந்து வாசித்துச் சொன்னாள்.

முந்தைய கூட்டக் குறிப்பில் திக்காரம் என்று எழுதப்பட்ட திக்காரம் என்னும் சொல்லை நீக்கி, திக்காரத்தோடு என்பதற்குப் பதிலாக வருத்தத்தோடு என்று வாசிக்க வேண்டும். புத்தகத்தில் ஒரு தடவை இருந்த சொல், பழையதையும் சேர்த்து இப்போது நாலு தடவை இருந்தது.

"நான் வருத்தமே படலீங்க," என்றாள் சாந்தம்மாள். "தீவனம் எங்கீங்க இதுல?"

அது இன்றைய அஜெண்டாவில் இல்லை, தனியாக எழுதிக் கொடுங்கள் என்றான் ஜிதின்.

அவள் பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், தமிழில், நிறுத்தி நிறுத்தி எழுதினாள்: தீவனம் பூசணம் பூத்திருந்தது. பாத்து எறக்குனது யார்னு கேட்டேன். அதற்குக் கீழே பெயரைப் போட்டாள்.

சென்னியப்பன் புத்தகத்தை இழுத்துப் பார்த்தார். முகம் கறுத்தது. "இதுக்குத்தான் அம்மணி, அன்னைக்கு அப்படி எழுத வேண்டியதாப் போச்சு," என்றார்.

அவள் டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தாள். வழியில் பிரவீணா ஏதோ சமாதானம் சொல்லவந்தாள். வாயைத் திறக்காதே என்று சாந்தம்மாள் கையைக் காட்டினாள்.

அடுத்த மாதமும் அதே லாரிதான் வந்தது. இறக்கும்போது யாரும் பார்க்கவில்லை. சாந்தம்மாள் தன் இரண்டு மூட்டைகளை வரிசையிலேயே கீழே போட்டு, தையலைப் பிரித்து, உள்ளே கைவிட்டு அள்ளி முகர்ந்து பார்த்தாள். முதல் மூட்டை நன்றாக இருந்தது. பின்னால் நின்ற பெண்கள் நேரமாகிறது என்று முணுமுணுத்தார்கள். அவர்களுக்கும் மாடு இருந்தது, அவர்கள் மாடும்தான் கழிந்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் இரண்டாவது மூட்டையின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.