பாக்கிச் சுத்து

முத்துமணி பாய்மரப் படகு வேலைக்குப் போகிறான் என்றதும் சங்கரன்கோவிலில் சிரிக்காத ஆள் இல்லை. சிரிக்காமல் என்ன செய்ய? கரிவலம்வந்தநல்லூர்க் கண்மாயில் முங்கிக் குளித்ததுக்கு மேல் தண்ணீரைப் பார்த்த வம்சமா அது? ஆனால் அவன் கப்பலில் மெக்கானிக்காக இருந்தவன். பணக்காரர்கள் வாங்குகிற பாய்மரப் படகுகளைக் கடல் தாண்டி ஓட்டிக் கொண்டுபோய் ஒப்படைக்கிற வேலை அது. அந்த ஆடியில் ஆஸ்திரேலியாவிலிருந்து மொரிஷியஸுக்கு ஒரு படகு. கேப்டன் காயல்பட்டினத்து மைதீன் பாட்சா, கூட இவன். மூன்றாவது ஆள் கிடையாது.

ஊரில் இருந்த அவன் பெண்டாட்டி ஜெயசித்ராவுக்கு ஒரு செல்போன்தான் துணை. படகில் இருந்த சாட்டிலைட் கருவி, படகு நிற்கிற இடத்தைப் போனில் சிவப்புப் புள்ளியாகக் காட்டும், வந்த வழியைக் கோடாகப் போடும். நாலு வரி மெசேஜும் வரும். பேச முடியாது. அடுப்பில் குழம்பு தீய்ந்தாலும் அவள் கண் அந்தப் புள்ளியில்தான் இருந்தது.

பட்ட காலிலே படும் என்பது கடலுக்கும் பொருந்தும்போல. முதலில், தானாகத் திசை பிடிக்கிற ஆட்டோபைலட் செத்தது. இரண்டு பேரும் மாறி மாறிச் சுக்கானைப் பிடித்தார்கள். அடுத்து, கடல் தண்ணீரைக் குடிதண்ணீர் ஆக்குகிற மெஷின் நின்றது. ரப்பர் செருப்பை வெட்டி வாஷர் செய்து போட்டுப் பார்த்தான் முத்துமணி. பம்பே விரிசல் விட்டிருந்தால் வாஷர் என்ன செய்யும், பாவம். இனி கேனில் இருக்கிற தண்ணீர்தான் என்று மெசேஜ் வந்தது.

மாமியார் முப்பிடாதியம்மாள் அவளைக் கையோடு கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஆடித்தபசுக்குக் கொடியேறியிருந்த நேரம். கொடியேறினால் ஜனங்கள் ஆடிச்சுத்து சுற்றுவார்கள். ஒற்றைக்காலில் தவம் நிற்கிற கோமதியம்மனின் கால்வலியில் ஒரு பங்கை, பிரகாரத்தைச் சுற்றி நடக்கிறவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள் என்பது நம்பிக்கை. புருசன் உசிரோடு வந்து சேர நூத்தியெட்டுச் சுத்து என்று ஜெயசித்ரா நேர்ந்துகொண்டாள். கோயில் புற்றுமண்ணை நெற்றியில் பூசிக்கொண்டு அன்றைக்கே நடக்க ஆரம்பித்தாள்.

அன்றைக்கே மெசேஜ் வந்தது. பாய்க்கயிறு ஒன்று அறுந்து விழுந்து சுக்கானில் சுற்றிக்கொண்டதாம். படகு வலப்பக்கமாகவே வட்டம் போடுகிறதாம். போனில் பார்த்தால், முறுக்குப் பிழிந்த மாதிரி வட்டத்துக்குள் வட்டம். ஐயோ, இன்னும் வேகமாகச் சுற்றி முடிக்கணும் என்று காலையும் மாலையும் ஓட்டமாக நடந்தாள். அடுத்த மெசேஜைப் பிரகாரத்து நடுவில் நின்று படித்தாள்.

“ஒண்ணு சொல்லுதேன், பயப்படாத. காலையிலயும் சாயங்காலமுந்தான் படகு சுத்துது. மத்த நேரம் சும்மா மிதக்குது. சுத்தையில அடியில யாரோ வெறுங்காலோட நடக்க சத்தம் கேக்கு. புத்துமண் வாசன வருது. பாட்சா அண்ணாச்சிக்கும் வருது.”

நடுக்கடலில் ஏது மண் வாசனை? ஜெயசித்ரா அப்படியே ஒரு தூணோரம் உட்கார்ந்தாள். புள்ளி அசையவில்லை. எழுந்து ஒரு சுத்துப் போய் வந்தாள். கோடு ஒரு சுருள் சுருண்டிருந்தது. மறுபடி உட்கார்ந்தாள், மறுபடி நின்றது. அவள் புருசனைக் காப்பாற்ற நடக்கவில்லை, கட்டிப்போட நடந்திருக்கிறாள். இதை யாரிடம் போய்ச் சொல்லுவாள்?

மாமியாரிடம் சொல்லிப் பார்த்தாள். நேர்ந்துகொண்டதைப் பாதியில் விட்டால் தன் பிள்ளை திரும்ப மாட்டான் என்று அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் ஜெயசித்ரா மறுநாள் நடக்கவில்லை. படகு சுற்றவும் இல்லை, நகரவும் இல்லை. சுக்கானில் இறுகின கயிறு இறுகினபடியே கிடந்தது. முங்கி அறுக்கப் போன முத்துமணியை அலை தூக்கிப் படகின் மேல் அடித்ததுதான் மிச்சம். உதவிக்கு வரப் பக்கத்தில் ஒரு கப்பலும் இல்லை, கடைசிக் கேனைத் திறந்தாயிற்று என்று மெசேஜ் வந்தபோது, அவளுக்கு ஒன்று புரிந்துபோயிற்று. நிறுத்தினால் போதாது, சுற்றினதை அவிழ்க்கணும்.

கோயிலை இடமாகச் சுற்றுவது எந்த ஊரிலும் இல்லாத காரியம். இடமாகச் சுற்றுவது இழவு வீட்டில்தான். ஜெயசித்ரா அத்தனை கூட்டத்துக்கும் எதிரே நடந்தாள். தோளில் இடித்தவர்கள் திட்டினார்கள். ஒருத்தி, புத்தி பேதலித்துவிட்டது என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். பின்னாலேயே ஓடி வந்த முப்பிடாதியம்மாள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

“ஏட்டி, யாருக்கு எழவு கூட்டுத? எம்புள்ளைக்கா?”

“விடுங்க அத்த. அவுகளத்தான் அவுத்து விடுதேன்.”

ஒவ்வொரு சுத்துக்கும் கணுக்காலை ஏதோ இறுக்கி, பிறகு கொஞ்சம் விட்டது. காலடியில் கல்தரை ஈரமாக இருந்தது. மழை பெய்யவில்லை. நடந்த அத்தனை சுத்தையும் எதிராக நடந்து தீர்த்து அவள் சுருண்டு விழுந்தபோது, மடியில் போன் துடித்தது. கயிறு தானாகவே அவிழ்ந்துவிட்டதாம், நேராகப் போகிறார்களாம், மழை பிடித்துக் குடிக்கிறார்களாம். மாமியாரும் மருமகளும் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

முத்துமணி கறுத்து மெலிந்து வந்து சேர்ந்தான். கயிறு அவிழ்ந்த அன்றைக்கு மறுபடி முங்கித் தண்ணீருக்கடியில் பார்த்ததை மைதீன் பாட்சாவிடம்கூட அவன் சொல்லவில்லை, இவளிடம் சொன்னான். கயிற்றின் நுனியை யாரோ பிடித்துக்கொண்டு சுக்கானைச் சுற்றி நிதானமாக நடக்கிற மாதிரி, ஒவ்வொரு சுற்றாகப் பிரிந்ததாம். சொல்லிக்கொண்டே குனிந்து அவள் காலைப் பார்த்தான். இரண்டு கணுக்காலிலும் கயிறு முறுக்கின தழும்பு இருந்தது.

அதற்கப்புறமாவது மனுசன் சும்மா இருக்கலாமில்லையா? கார்த்திகையில் கொச்சியிலிருந்து மஸ்கட்டுக்கு ஒரு படகு என்று கூப்பிட்டார்கள், கிளம்பிவிட்டான். ஜெயசித்ரா, தான் நேர்ந்து சுற்றினதையும் திருப்பிச் சுற்றி அவிழ்த்ததையும் சொல்லிக் கெஞ்சினாள், சோறு தின்னாமல் கிடந்தாள். கடலில் ஆயிரம் நடக்கும், கயிறு கயிறுதான் என்று சிரித்தான். சிரிப்பில் சத்தம் மட்டும்தான் இருந்தது. போய்விட்டான்.

படகு புறப்படுகிற காலையில் அவள் குளித்து, புற்றுமண் பூசி, கோயிலுக்குப் போனாள். ஆடி இல்லாவிட்டால் என்ன? நடந்ததையெல்லாம் எதிராக நடந்து கழித்தாயிற்று, அப்படியானால் நேர்த்தி முழுசும் பாக்கி. பிரகாரத்தில் வலமாக ஒரே ஒரு சுத்து வந்தாள்.

கொச்சியில் அந்தப் படகு துறைமுக வாசலைத் தாண்டவில்லை. நின்ற இடத்திலேயே வட்டம் போட்டது. சுக்கானில் கயிறும் இல்லை, ஒன்றும் இல்லை. கூட இருந்தவன் பயந்துபோய், முத்துமணியை இறக்கிவிட்டுப் பார்க்கலாம் என்றான். அவன் கரையில் கால் வைத்ததும் படகு நேராகப் போயிற்று.

பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தவன் பையை மூலையில் போட்டுவிட்டு உட்கார்ந்தான். ஜெயசித்ரா காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். அவள் காலைப் பார்த்தபடி அவன் கேட்டான்.

“இன்னும் எத்தன சுத்து பாக்கி இருக்கு?”

“நெறைய இருக்கு. காப்பியக் குடிங்க.”