எல்லாவற்றுக்கும் பயன்படும்

“எல்லாத்துக்கும் நீதான்னு மரியாதையா எழுதியிருக்கேன், அதுக்கும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா எப்படி?” என்றார் என் வீட்டுக்காரர் அமலதாஸ். எப்போது சண்டை வந்தாலும் இதே வாக்கியம்தான். ஒரு எழுத்துகூட மாறாது.

எங்கள் வீட்டு வேலைகளை ஏ.ஐ. ஏஜென்ட் நடத்துகிறது. அது எதையும் நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ளாது. சாமான்களில் ஒட்டியிருக்கும் லேபிளை மட்டும் படித்து, எது உதவும் என்று முடிவு செய்து கூப்பிடும். கூப்பிட்ட சாமான் அடுத்த நொடி அந்த இடத்தில் இருக்கும். எந்த ஊர் ஏஜென்டும் எந்த வீட்டு லேபிளையும் படிக்கலாம். மனிதர்களுக்கும் லேபிள் உண்டு.

எங்கள் வீட்டு லேபிள்களை எழுதியவர் அவர்தான். இஸ்திரிப் பெட்டிக்கு ‘சூடாக்க’ என்று எழுதினார். ஒரு வாரம் தோசை அதில்தான் வந்தது. தனக்கு மட்டும் யோசித்து, கமாவெல்லாம் வைத்து எழுதிக்கொண்டார்: ‘அமலதாஸ். பேப்பர் படிக்க, டிவி பார்க்க. வேறு எதற்கும் அழைக்கக் கூடாது.’ என் முதுகில் ஒட்டியது இரண்டே சொல்: ‘எல்லாவற்றுக்கும் பயன்படும்.’ நான் படித்த கான்வென்டில் ஆறாம் வகுப்புப் பிள்ளை இப்படி எழுதியிருந்தால் பெஞ்சு மேல் நிற்க வைத்திருப்பார்கள். ஒரு பொருள் எதற்கு என்று எழுதினால், எதற்கு இல்லை என்றும் எழுத வேண்டாமா?

குழாயில் வாஷர் போனால் விரலை வைத்து அடைக்க நான். லிஃப்ட் நின்றால் தூக்கிவிட நான். நாலாவது மாடி வைதேகியின் மாமனாருக்குப் பல்செட் காணாமல் போனபோதும் ஏஜென்ட் என்னைத்தான் கூப்பிட்டது. முறுக்கைக் கடித்துக் கொடுத்தேன். “இன்னும் கொஞ்சம் பொடியா மென்னு குடும்மா,” என்றார் பெரியவர்.

அதெல்லாம் தொலையட்டும். திருச்சியில் என் தங்கை பிலோமினாவுக்கு வியாழக்கிழமை கர்ப்பப்பை ஆபரேஷன். அவளுக்கு என்னை விட்டால் ஆள் கிடையாது. “மயக்கம் தெளியறப்ப நீ பக்கத்துல இருக்கணும்க்கா,” என்றாள். புதன்கிழமை எழும்பூரில் ரயில் படியில் ஒரு காலை வைத்தேன். இன்னொரு காலை எங்கள் ஹாலில் வைத்தேன். திரைச்சீலைக் கம்பி விழுந்துவிட்டதாம். இரண்டு கையாலும் திரைச்சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“வந்துட்டியா? அப்படியே ஒரு டீ,” என்றார் அவர், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

“என் லேபிளை மாத்துங்க.”

“என்னத்தை மாத்தறது? எல்லாத்துக்கும்னா அதுல உன் தங்கச்சியும் அடக்கம்தானே?”

அடக்கம்தான். திரைச்சீலைக்கும் முறுக்குக்கும் பிறகு.

ஒரு சாமான் தன் லேபிளைத் தானே மாற்ற முடியாது. பேனா எழுதாது. அதையும் முயன்று பார்த்தாயிற்று. எனவே ஏஜென்டிடம் சொன்னேன்: “இந்த வீட்டு லேபிள் ஒண்ணும் உருப்படியா இல்லை. தெளிவா எழுதறதுக்கு எது பயன்படுமோ அதைக் கூப்பிடு.” அது எல்லா லேபிளையும் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டது. திரைச்சீலையைக் கீழே விட்டேன். ஏஜென்ட் கூப்பிட்ட வேலை என்பதால் இந்த முறை பேனா எழுதியது.

முதலில் அவருடைய லேபிள். கடைசி வாக்கியத்தை அடித்துவிட்டு, ‘மற்ற எல்லாவற்றுக்கும் பயன்படும்’ என்று எழுதினேன். பிறகு என்னுடையது: ‘ஜூலியானா. பிலோமினாவின் அக்கா. பிலோமினாவுக்கு உடம்பு சரியில்லாதபோது அழைக்கவும். சமையல், குழாய், லிஃப்ட், திரைச்சீலை, முறுக்கு ஆகியவற்றுக்கு அழைக்கக் கூடாது.’ முற்றுப்புள்ளி வைத்தபோது திருச்சியில் அவள் கட்டிலருகே இருந்தேன்.

மறுநாள் ஆபரேஷன் முடிந்து அவளை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். கட்டிலுக்கு மறைப்புத் துணி இருந்தது, மாட்டக் கம்பி இல்லை. ஆஸ்பத்திரி ஏஜென்ட் லேபிள்களைப் படித்துப் பார்த்துக் கூப்பிட்டது. அமலதாஸ் லுங்கியோடு, வாயோரம் முறுக்குத் தூளோடு, கைகளை விரித்துத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிலோமினா கண்ணைத் திறந்து, “வந்துட்டியாக்கா?” என்றாள். அவளுக்கு உதடு காய்ந்திருந்தது. பஞ்சை நனைத்து ஒற்றி எடுத்தேன்.

“ஜூலி, கை கடுக்குது. எனக்கும் தெளிவா ஒரு வரி எழுதிக் கொடேன்.”