ஆறாவது ஜோடி முழங்கால்

ஜின்சிக்கு ஆறு குதிரைகள் சாக வேண்டியிருந்தது. பதினோரு மாதத்தில் ஐந்துதான் செத்திருந்தன.

பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். கால்நடை மருத்துவம் முடித்துவிட்டு அறுவை சிகிச்சையில் மேல்படிப்பில் இருந்தாள். பந்தயத்தில் ஓடும் குதிரைக்கு முன்னங்கால் முட்டிக்குள் இருக்கும் சிறிய எலும்பு ஒன்று சில நேரம் பலகை போலப் பிளந்துவிடும். பிளந்த சில்லை ஸ்க்ரூ போட்டு இறுக்கலாம். தலையுள்ள ஸ்க்ரூ நல்லதா, எலும்புக்குள்ளேயே மறைந்துவிடும் தலையில்லாத ஸ்க்ரூ நல்லதா என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. செத்த குதிரையின் இடது முட்டியில் ஒன்று, வலது முட்டியில் மற்றது. பிறகு இயந்திரத்தில் வைத்து, எது முதலில் விட்டுக்கொடுக்கிறது என்று பார்க்க வேண்டும். செத்த குதிரைக்கு எதற்கு ஆபரேஷன் என்று அவளுடைய அப்பா இன்னாசிராஜ் ஒவ்வொரு ஞாயிறும் போனில் கேட்டார். ஒவ்வொரு ஞாயிறும் அவள் முதலிலிருந்து விளக்கினாள்.

ஆறாவது குதிரை மீனாட்சிபுரத்தில் கிடைத்தது. காளிச்சாமி என்ற விவசாயியின் ரேக்ளா வண்டிப் பந்தயக் குதிரை, பெயர் சிட்டு. வயிற்றுவலி வந்து ஒரே நாளில் போய்விட்டது என்று உள்ளூர் மருத்துவர் தகவல் சொல்ல, ஜின்சி பெட்டியும் ஐஸும் ரம்பமுமாக பஸ் ஏறினாள்.

தென்னந்தோப்பில் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். காளிச்சாமி முடியாது என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டார். பதினேழு பந்தயம் ஜெயித்த காலை அறுத்துக் கொடுக்க அவருக்கு மனசில்லை. அவருடைய மனைவி மருதாத்தாள்தான் குறுக்கிட்டாள். இரண்டு வருடத்துக்கு முன் அவர்களுடைய இன்னொரு குதிரைக்கு ஓட்டத்தில் முட்டி உடைந்தது. ஒன்றும் செய்ய முடியாது என்று ஊசி போட்டுக் கொன்றார்கள். அதைச் சொல்லிவிட்டு, "குடுத்துருங்க. மண்ணு திங்கறத இந்த அம்மிணி எடுத்துட்டுப் போகட்டும்" என்றாள்.

காளிச்சாமி இரண்டு நிபந்தனை போட்டார். குளம்பு நாலும் குழிக்குள் போக வேண்டும். முட்டியும் வேலை முடிந்ததும் திரும்பி வர வேண்டும். மாலை ஆகிக்கொண்டிருந்தது, ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. ஜின்சி இரண்டுக்கும் தலையாட்டினாள்.

முட்டி இரண்டையும் அறுத்தெடுத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினாள். சிற்றூர் டவுன் நெருங்கும்போது பெட்டியின் மூலையிலிருந்து சிவப்பாகத் தண்ணீர் கசிந்து பஸ் தரையில் ஓடியது. கண்டக்டர் என்னவென்று கேட்டார். குதிரை முட்டி என்று உண்மையைச் சொன்னாள். அவர் விசில் அடித்து அவளையும் பெட்டியையும் போலீஸ் ஸ்டேஷன் வாசலிலேயே இறக்கிவிட்டார்.

இது குதிரை என்று எப்படித் தெரியும் என்று எஸ்.ஐ. கேட்டார். மானாக இருக்கலாம், காட்டெருமைக் கன்றாக இருக்கலாம். குளம்பு இருந்தால் பார்த்ததும் சொல்லிவிடலாம், குளம்பு எங்கே? குளம்பு மீனாட்சிபுரத்தில் மண்ணுக்குள் இருந்தது. கல்லூரி அடையாள அட்டை, ஆராய்ச்சி அனுமதிக் கடிதம், உள்ளூர் மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினாள். அவர் ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். கடைசியில் அவள் போன் செய்து, காளிச்சாமியே ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். கையில், மாலை போட்ட குதிரையோடு அவர் நிற்கும் போட்டோ.

"இதுதானுங்க சிட்டு" என்று போட்டோவைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். எஸ்.ஐ. போட்டோவையும் முட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, போகச் சொன்னார். போட்டோவில் முட்டியை மாலை மறைத்திருந்தது என்பதை ஜின்சி வாய் திறந்து சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து காளிச்சாமியின் போன் தொடங்கியது. காலை ஏழு மணிக்கு, கறவை முடிந்த கையோடு கூப்பிடுவார். "ஏனுங்க டாக்டரம்மா, கால் எப்பங்க வருது?" சோதனைக்கூடத்தில் இயந்திரம் பழுது என்றாள். மறுநாள், மெக்கானிக் வரவில்லை என்றாள். அதற்கு மறுநாள் பந்த். இருபத்திரண்டு நாள் ஒரே கேள்வி.

ஒருவழியாகச் சோதனை நடந்தது. ஆறு ஜோடியையும் சேர்த்துக் கணக்குப் போட்டபோது, இரண்டு ஸ்க்ரூவும் ஏறக்குறைய ஒரே பாரத்தைத் தாங்கியிருந்தன. மூன்று குதிரையில் தலையுள்ளது கொஞ்சம் கூட, மூன்றில் தலையில்லாதது கொஞ்சம் கூட.

வழிகாட்டிப் பேராசிரியை ஆனந்தி தாளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். வித்தியாசம் இருக்கிறது என்று சொல்ல ஆறு ஜோடி போதும், வித்தியாசம் இல்லை என்று சொல்லத்தான் ஆறு போதாது, இன்னும் ஆறு கொண்டு வா என்றார். ஜின்சி கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள்.

பிறகு சிட்டுவின் எலும்புகளைக் கழுவித் துணியில் கட்டினாள். அவற்றை எரிக்கத்தான் வேண்டும் என்று ஆபீஸில் சொன்னார்கள். ஆனந்தி முணுமுணுத்துக்கொண்டே, எடுத்துப்போக அனுமதிக்கும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

தோப்பில் காளிச்சாமி மூட்டையை அவிழ்த்துப் பார்த்தார். எலும்புகள் வெட்டுப்பட்டு, துளைபட்டு, நசுங்கியிருந்தன. எது ஜெயித்தது என்று கேட்டார். இரண்டும் ஒன்றுதான் என்றாள் ஜின்சி.

"ரெண்டும் ஒண்ணுங்கறதுக்கா எம்பட குதிரை காலை அறுத்தீங்க?"

மருதாத்தாள் ஒரு எலும்பைக் கையில் எடுத்து ஸ்க்ரூவைத் தடவிப் பார்த்தாள். "அப்ப, முட்டி ஒடஞ்ச குதிரைக்கு இதுல எதைப் போட்டாலும் அது எந்திரிச்சு நிக்குமுங்களா?"

"நிக்கணும்மா. சீக்கிரம் கொண்டு வந்தா நிக்கும்."

"அதத்தான் கேட்டேன்" என்று எலும்பைக் கணவரிடம் நீட்டினாள். அவர் மண்வெட்டியை எடுத்தார்.

பத்து நாள் கழித்து அகளியிலிருந்து சிவப்பிரகாஷ் என்றொருவர் கூப்பிட்டார். குதிரைக் கால் வாங்கும் டாக்டர் நீங்கள்தானா என்று கேட்டார். காளிச்சாமி பந்தயத் திடலில் எல்லாரிடமும் நம்பரைக் கொடுத்திருந்தார் போலும். குதிரை எப்போது செத்தது என்று கேட்டுக்கொண்டே ஜின்சி நோட்டைத் திறந்தாள். சாகவில்லை, காலையில் ஓட்டும்போது விழுந்துவிட்டது, முட்டி வீங்கி மூன்று காலில் நிற்கிறது என்றார் அவர். அவள் நோட்டை மூடிவிட்டு, கட்டுப் போடும்வரை அதை ஒரு அடிகூட நடக்க விட வேண்டாம், காலைத் துணி சுற்றி மூங்கில் தப்பை வைத்துக் கட்டுங்கள், லாரியில் ஏற்றிக் கல்லூரிக்குக் கொண்டு வாருங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

எக்ஸ்ரேயில் எலும்பு பலகையாகப் பிளந்திருந்தது. எந்த ஸ்க்ரூ என்று அவள் ஆனந்தியைக் கேட்டாள். இந்த நீளத்தில் தலையுள்ளதுதான் ஸ்டோரில் இருக்கிறது, அதை எடு என்றார் அவர். இரண்டரை மணி நேரம் ஆனது. ஆனந்தி துளையிட்டார், ஜின்சி முறுக்கினாள்.

மூன்றாம் நாள் குதிரை அந்தக் காலை ஊன்றியது. சிவப்பிரகாஷ் கம்பிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, பொங்கல் பந்தயத்துக்கு ஓடுமுங்களா என்று கேட்டார். பொங்கலுக்கு ஐந்து வாரம் இருந்தது.

இத்தனை மாதத்தில் முதல்முறையாக ஜின்சி ஒருவரிடம் குரலை உயர்த்தினாள். "ஆறு மாசத்துக்கு இதை வண்டியில பூட்டுனீங்கன்னா, நானே வந்து அவுத்துட்டுப் போயிருவேன்."

அவர் சரிங்க என்று தலைகுனிந்துவிட்டு, அப்படியானால் சித்திரைக்கு ஓடுமா என்றார்.